அலிரியோவின் சட்டையில் இருந்தவன்

எல்வியா எண்ணெய்க் கையோடு எந்தக் காகிதத்தையும் தொடமாட்டாள். மரக்காய்போ நகரின் பேஸ்பால் மைதானத்தின் மேற்கு வாசலில் அடுப்பு வைத்து மந்தோக்கா சுட்டு விற்ற காலத்தில் பெரும்பகுதியும் இதே வழக்கம்தான். யாராவது நோட்டை நீட்டினால் முகவாயால் தகர டப்பாவைக் காட்டுவாள். போட்டுவிட்டு மீதியையும் அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். விலாசச் சீட்டோ கோயில் நோட்டீசோ வந்தால் வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, விரல்களை விரித்துக் காற்றில் ஆறவிட்டு, அப்புறம்தான் வாங்குவாள். அதற்குள் சட்டியில் சோள மாவு வளையங்கள் கருகிப்போகும்.

"பூசைப் பாத்திரத்தைத் தொடுற பாதிரியார்கூட இவ்வளவு கழுவ மாட்டாருய்யா" என்பான் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கும் நேரியோ.

"நீ உன் சீட்டைப் பாரு" என்பாள் எல்வியா. அதற்கு மேல் அவளுக்குப் பேச வராது.

நேரியோவுக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேலி செய்வான். வேறு யாராவது அதே கேலியைச் செய்தால் அவனுக்குக் கோபம் வந்துவிடும்.

எல்வியாவும் தியோலிந்தோ பரோசோவும் சாந்தா லூசியா தெருவில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். கோயிலில் கல்யாணம் செய்துகொள்ளக் காசு சேரட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததால் கல்யாணப் படம் என்று ஒன்று இல்லை. வாரம் முழுக்க அவனுக்கு ஏரிக்குள் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்களில் வேலை. குளிர்காலப் பந்தயம் தொடங்கிவிட்டால், வேலையில்லாத நாளெல்லாம் மைதானத்தில் கிடப்பான். அணியில் அவன் ஆட்டக்காரன் இல்லை. பந்து வீசுகிறவர்கள் கையைப் பழக்கும்போது எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடித்துக் கொடுக்கிறவன். அவனுக்கென்று எண் போட்ட சட்டை கிடையாது. பழைய பனியனோடு குந்தியிருப்பான்.

அலிரியோ மொரானுக்குச் சட்டை இருந்தது. ஓடுகிறவன் தொட வேண்டிய இரண்டாம் தளத்தில் நிற்கிற மாற்று ஆட்டக்காரன். பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கால் பிசகினால் அலிரியோவுக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம். அதே தெருவில் நாலு வீடு தள்ளித் தன் அம்மா ஹெனோவேவாவோடு இருந்தான்; பெரிய மனுஷிக்குரிய மரியாதையோடு தெரு அவரைத் தோன்யா என்றே கூப்பிட்டது. சின்ன வயதில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்து, பிழைக்கமாட்டான் என்று டாக்டரே கைவிட்டபோது, ஊரின் காவல் மாதாவான சீனித்தாவுக்குத் தோன்யா நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால், அவனுக்கு உயிர் உள்ளவரை, வருடா வருடம் திருவிழாவுக்கு முன்னால் குறித்த ஒரு நாளில் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அவன் முட்டிபோட்டே போவான் என்று. அவன் பிழைத்தான். பந்தயம் இருந்தாலும் மழை பெய்தாலும் அந்த நாள் முட்டிபோட்டான்.

அப்படி அவன் முட்டிபோட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் படம் எடுக்கிறவர் மைதானத்துக்கு வந்தார். அமெரிக்காவில் மிட்டாயோடு பேஸ்பால் அட்டை விற்கிற கம்பெனி, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனியாக அச்சடிக்கப்போவதாகவும், அதில் நம் குளிர்கால அணிகளும் வரும் என்றும் பேச்சு இருந்தது. யாரும் நம்பவில்லை. படக்காரர் வந்து கேமரா முக்காலியை நட்டபோதுதான் நம்பினார்கள். எல்லோரையும் ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்தார். ஒரு சட்டை மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த நம்பர் ஆளு எங்க?" என்றார்.

"கோயிலுக்குப் போயிருக்கான்" என்று சொல்லப் பயிற்சியாளருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. "டேய் தியோ, அதை மாட்டிக்கிட்டு வந்து நில்லுடா" என்றார். ஆள் குறையாமல் இருந்தால் போதும் என்று அவர் நினைத்தார். தியோ சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். படக்காரர் பெயர் கேட்கவில்லை. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

அன்று மாலை தியோ இதை எல்வியாவிடம் சொல்லிச் சிரித்தான். "என் மூஞ்சியைப் பாத்து அமெரிக்காக்காரன் மிஷினை நிப்பாட்டியிருப்பான்."

அடுத்த ஜூலையில் ஏரியில் காற்று எழும்பி, கோபுரத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த படகு கவிழ்ந்தது. தியோவை மூன்றாம் நாள் கரையில் எடுத்தார்கள். பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் எல்வியாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுடைய அடையாள அட்டையும் கம்பெனிச் சீட்டும் சட்டைப் பையோடு தண்ணீருக்குள் போய்விட்டன. உலகத்தில் அவன் முகம் இருந்த காகிதங்கள் அவை இரண்டும்தான். இரண்டு மாதம் கழித்து யொலெய்தா பிறந்தாள்.

கைக்குழந்தையைப் பழக்கூடையில் படுக்கவைத்து எல்வியா மறுபடியும் அடுப்பு மூட்டிய அந்தக் காலத்தில்தான் அட்டைகள் கடைக்கு வந்தன. ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும் நேரம். அலிரியோ வெளியே வந்தான். நேரியோ தன் பிள்ளைகளுக்கு வாங்கிய மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, முகம் யாருடையது என்று சரியாகப் பார்க்காமலே கத்தினான்:

"ஏ அலிரியோ! இங்க வாடா. அமெரிக்காக்காரன் உனக்குப் புது மூஞ்சி போட்டு அனுப்பியிருக்கான். பழசைவிட இது தேவலைடா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அலிரியோ வாங்கிப் பார்த்தான். சிரிக்கவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எல்வியாவின் அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்து ஓடி வந்து அவன் கையிலிருந்து அதைப் பறித்தாள்.

தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு தியோ சிரித்துக்கொண்டிருந்தான். கீழே 'அலிரியோ மொரான், இரண்டாம் தளம்' என்று இருந்தது.

அவள் கை முழுக்க எண்ணெய். சூடான எண்ணெய். மெல்லிய அட்டை அது. நம் நாட்டுக்கு வந்தது எல்லாமே கொஞ்சம் மட்டமான அட்டைதான். பெருவிரல் பட்ட இடம் கறுத்து, கறை முகத்தில் பரவியது. அவள் பதறிப்போய்ச் சோள மாவைத் தூவினாள். மாவு எண்ணெயை உறிஞ்சும் என்பது சமையல்காரிக்குத் தெரிந்த வைத்தியம். மாவைத் தட்டிவிட்டு ஈரத் துணியால் துடைத்தபோது முகத்தின் சாயம் துணியோடு வந்துவிட்டது. எண்ணும் பெயரும் மட்டும் பளிச்சென்று மிஞ்சின.

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நேரியோ மட்டும், "வேற ஒண்ணு வரும் எல்வியா. நான் வாங்கித் தர்றேன்" என்றான்.

வரவில்லை. குளிர்கால அட்டைகள் கொஞ்சமாகத்தான் வந்திருந்தன. வந்ததும் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கைக்குப் போனது ஆல்பத்துக்குப் போய்விடும். நம் ஊரில் அட்டையை ஒட்டாமல் வைத்திருப்பது, வாங்கின செருப்பைப் போடாமல் வைத்திருப்பது மாதிரி. அந்தந்தக் கட்டத்தில் மாவுப் பசை தடவி, முஷ்டியால் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்து ஒட்டிவிட்டால்தான் அது உன்னுடையது. பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. தையல்காரர் வீட்டு ஆல்பத்தில் தியோ இருக்கிறான் என்று கேள்விப்பட்டு எல்வியா போய் நின்றாள். நல்ல மனிதர், கெட்டில் ஆவியைக் காட்டிக் காட்டி எடுத்துப் பார்த்தார். அட்டை இரண்டாகப் பிளந்து முன்பக்கம் வெங்காயத் தோல்போல உரிந்து, சுருண்டு, கிழிந்துபோனது. தையல்காரரின் பையன் அழுதான். எல்வியா அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. இருக்கிற முகத்தையும் தானே கிழித்துத் தீர்த்துவிடுவோமோ என்று பயந்துவிட்டாள்.

ஒரு அட்டை மட்டும் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதை தோன்யா ஹெனோவேவா ஒட்டியிருந்தார். ஆல்பத்தில் அல்ல, முன்னறையில், மாதா படத்துக்குப் பக்கத்தில், சுண்ணாம்புச் சுவரிலேயே. மகன் பெயர் அச்சில் வந்திருக்கிறது. அவருக்கு வேறென்ன வேண்டும்? கீழே ஒரு சின்னப் பலகை அடித்து, தினமும் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

எல்வியா சனிக்கிழமைதோறும் ஒரு தட்டு மந்தோக்காவை மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவாள். தோன்யா காப்பி போட உள்ளே போவார். அவர் வரும்வரை எல்வியா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து தோன்யா ஒவ்வொரு முறையும் ஒன்றே சொல்வார்:

"இந்தப் படத்துல அலிரியோ கொஞ்சம் இளைச்சிருக்கான், இல்ல?"

"ஆமா தோன்யா" என்பாள் எல்வியா.

அலிரியோ பந்தயத்தை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டப் போனான். ஆனாலும் அவன் தெருவில் அட்டைக்காரன்தான். மதுக்கடையில் வெளியூர் ஆள் வந்தால், "இவரு அட்டையில வந்த ஆளு" என்று அறிமுகம் நடக்கும். அது நான் இல்லை என்று தொடக்கத்தில் சொல்லிப் பார்த்தான். தெரிந்தவர்கள் சிரித்தார்கள், தெரியாதவர்கள் நம்பவில்லை, அம்மா சாப்பிடாமல் இருந்தார். விட்டுவிட்டான். யொலெய்தாவுக்கு மட்டும் பண்டிகைக்குச் செருப்பு, பள்ளிக்கூடம் திறந்தால் பை என்று கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவான். உள்ளே வரமாட்டான்.

அந்தப் பையும் செருப்பும்தான் வினையாகின. யொலெய்தா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் தலைமுடி கலைந்து, சட்டைக் காலர் கிழிந்து வந்தாள்.

"யாரோட சண்டை?"

"மிலெய்தியோட. எங்கப்பா ஆல்பத்துல இருக்காருன்னு சொன்னேன். அவ வீட்டு ஆல்பத்துல காட்டுன்னா. காட்டினேன்."

"சரி."

"கீழ அலிரியோ மொரான்னு இருக்கு. 'அப்ப அதான் உங்கப்பா. அதான் செருப்பு வாங்கித் தர்றாரு. அதான் உங்கம்மா வாராவாரம் பலகாரம் தூக்கிட்டு அந்த வீட்டுக்குப் போறா'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க." பிள்ளை அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அலிரியோ மாமாவா எங்கப்பா?"

எல்வியா அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வீடு நடந்தாள்.

தோன்யா காப்பி போட எழுந்தார்.

"காப்பி வேண்டாம் தோன்யா. இவளுக்கு அவ அப்பாவைக் காட்ட வந்தேன்."

தோன்யா உட்கார்ந்துவிட்டார்.

"பேரைப் படி" என்றார் பிள்ளையிடம்.

"அலிரியோ மொரான்" என்று படித்தாள் யொலெய்தா.

"கேட்டியா? அச்சடிச்சிருக்கு. நான் எழுதல."

"முகம் தியோ முகம், தோன்யா."

"எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது மவளே." கிழவியின் குரல் தாழ்ந்துவிட்டது. "என் பிள்ளை முகம் எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவன் மைதானத்துக்குப் போறேன்னு காலைலயே நின்னான். 'படம் எடுக்கிறாங்கம்மா, நேர்ச்சையை நாளைக்கு வெச்சுக்கலாம்'னான். நான்தான் விடல. மாதாகிட்ட தேதியை மாத்துவியாடான்னு கேட்டேன். அவன் இத்தனை வருசம் ஓடி விளையாடினதுக்கு மிஞ்சினது இந்த ஒரு பேருதான். அதையும் எடுத்துக் குடுன்னு கேக்குறியா? எடுத்தாலும் சுவரோடதான் வரும். தையல்காரன் வீட்டுல என்ன ஆச்சுன்னு தெருவுக்கே தெரியும்."

"அட்டையைக் கேக்கல" என்றாள் எல்வியா. வந்த வழியெல்லாம் அட்டையைக் கேட்கத்தான் நினைத்திருந்தாள். அது சுவரைவிட்டு வராது என்பது இப்போதுதான் முழுசாக உறைத்தது. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவன் செத்து ஒரு நல்ல மெழுகுவத்தி நான் ஏத்தினதில்ல தோன்யா. எந்தப் படத்துக்கு முன்னால ஏத்துவேன்? நீங்க தினமும் அவன் முகத்துக்கு முன்னால ஏத்துறீங்க. அது வேற பேருக்குப் போகுது. செத்தவன் முகத்துக்கு ஏத்துறது உசுரோட இருக்கிறவன் பேருக்குப் போகுது."

தோன்யா சிலுவை போட்டுக்கொண்டார். "வெளிய போ" என்றார். "மாதா முன்னால இப்படியெல்லாம் பேசாத. பிள்ளையைக் கூட்டிட்டுப் போ."

அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்ததும் எல்வியா போகவில்லை. அலிரியோ மைதானத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்து அடுப்புக்கு எதிரே நின்றான்.

"அம்மாகிட்ட என்ன சொன்ன? பலகையில மெழுகுவத்தியே ஏத்த மாட்டேங்குது. கேட்டா பதிலும் இல்ல."

"உண்மையைச் சொன்னேன்."

"நான் சொன்னா பட்டினி கெடக்குது. நீ சொன்னா இருட்டுல உக்காந்திருக்கு" என்றான். பிறகு, "செருப்பு வாங்கிக் குடுத்தது தப்பாப் போச்சு. எனக்குத் தோணல எல்வியா" என்றான்.

"நல்ல செருப்புதான்" என்றாள் அவள்.

நவம்பரில் திருவிழா வந்தது. தோன்யா வீட்டு முன்னறையில் தெருவே கூடி ஜெபமாலை சொல்வது வழக்கம். முடிந்ததும் வேண்டுதல் பெயர்கள். முதலில் உயிரோடு இருப்பவர்கள். அந்த வரிசையில் தோன்யா எப்போதும் சுவரைக் காட்டி "என் மகன் அலிரியோ" என்று தொடங்குவார். பிறகு இறந்தவர்கள். வெளியே பாட்டுக்காரர்கள் மேளத்தைச் சூடுகாட்டிக்கொண்டு, இது எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள். எல்வியா வாசற்படியில் பிள்ளையோடு நின்றாள். வராமல் இருந்தால் தெரு இன்னும் பேசும் என்பதற்காகத்தான் வந்திருந்தாள். சில பெண்கள் அவளையும் பிள்ளையின் செருப்பையும் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் தோன்யா சுவரைக் காட்டவில்லை. கதவோரம் நின்ற மகனைக் கைகாட்டிக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் முட்டிபோட வைத்து, அவன் தலையில் கை வைத்து, "என் மகன் அலிரியோ" என்றார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பெயர்கள் தொடர்ந்தன. இறந்தவர்களின் முறை வந்தது. தோன்யா தன் அப்பா, அம்மா, புருஷன் பெயர்களைச் சொன்னார். பிறகு எழுந்து, ஒரு புது மெழுகுவர்த்தியை ஏற்றிச் சுவரின் பலகையில் வைத்தார். அது ஒரு முறை சாய்ந்து விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார்.

"தியோலிந்தோ பரோசோ" என்றார். "ஏரியில செத்தவன். அந்தா வாசல்ல நிக்குதே, அந்தப் பிள்ளையோட அப்பன். படத்துல இருக்கிறது அவன்தான். சட்டை மட்டும்தான் என் மகனோடது."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டான்: "அப்ப அலிரியோ எங்க தோன்யா?"

"இங்க. என் பக்கத்துல. அன்னிக்கும் என் பக்கத்துலதான் முட்டிபோட்டுக்கிட்டு இருந்தான். நான்தான் போகவிடல" என்றார் தோன்யா. "இன்னும் யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

நேரியோதான் முதலில் "ஆமென்" என்றான், தேவைக்கு மேல் சத்தமாக. யொலெய்தா கூட்டத்துக்குள் புகுந்து நடந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். முகத்துக்கு நேரே பார்க்க அவளுக்கு உயரம் போதவில்லை. அலிரியோ அவளைத் தூக்கிக் காட்டினான்.

அன்றிலிருந்து மதுக்கடையில் அலிரியோவை யாரும் அட்டைக்காரன் என்று அறிமுகம் செய்யவில்லை. "மூஞ்சி வராத ஆட்டக்காரன்" என்று கொஞ்ச நாள் கேலி நடந்தது. அவன் அதற்குக் கோபப்பட்டதில்லை. அட்டைக்காரன் என்றபோதுதான் அவனுக்குக் காது சிவக்கும். தோன்யாவுக்கு அது எளிதாக இல்லை. திருவிழா முடிந்து பல நாள் அவர் எல்வியாவோடு பேசவில்லை. மந்தோக்காவை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு சனிக்கிழமை காப்பியை வைத்துவிட்டு, பழக்கத்தில், "இந்தப் படத்துல..." என்று தொடங்கி, நிறுத்தி, "சிரிக்கிறான் பாரு, பல்லைக் காட்டிக்கிட்டு" என்றார்.

"அப்படித்தான் சிரிப்பான்" என்றாள் எல்வியா. அவன் எப்படி இருந்தவன் என்று அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

தோன்யா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய அட்டை சேகரிக்கிற ஒருவர் வடக்கே அமெரிக்காவிலிருந்து ஒருமுறை விசாரித்துக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்தார், விரலால் ஓரத்தைத் தடவினார், பின்பக்கம் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். அவர் வைத்திருந்த புத்தகத்தில் அந்த அட்டை அலிரியோ மொரான் என்றுதான் இருந்தது. எல்வியா திருத்தச் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் யாரும் சாந்தா லூசியாவில் இல்லை.

பிழைப்புத் தேடி ஆட்கள் நாட்டைவிட்டுப் போனதில், இப்போது தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அலிரியோவை, பிற்பாடு பிறந்த அவன் மகன் கொலம்பியாவுக்கு அழைத்துப்போய்விட்டான். யொலெய்தா சிலியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். சுவரிலிருந்த அப்பாவைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மொரான் வீட்டுச் சாவி எல்வியாவிடம் இருக்கிறது. மைதானத்துக்கு அவள் போவதில்லை, முட்டி வலி. மழைக்காலத்தில் முன்னறைச் சுவர் ஓதம் காக்கிறது; அட்டையின் ஒரு மூலை சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்திருக்கிறது, முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை காலையில் அவள் போய்க் கதவைத் திறந்து, கூட்டி, சன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்து, தியோலிந்தோவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அது எரிந்து முடிந்ததும் பூட்டிக்கொண்டு வருகிறாள்.